குடல் எடுத்த எறா

அத்தியாயம் 6

மக்பூல் பாய் வீட்டு வாசற்படியில் ஒரு நீலக் கட்டைப்பை உட்கார்ந்திருந்தது. உள்ளே மாற்றுப் புடவை ஒன்று, சாப்பாட்டு டப்பா ஒன்று, சீப்பு ஒன்று. பைக்குச் சொந்தக்காரி ஜெபசெல்வி, அதற்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"அஞ்சரை பஸ்ஸுக்கு இவ கிளம்பறா," என்று உள்ளிருந்து பாயின் மனைவி அக்தர் பேகத்தின் குரல் வந்தது. "அதுக்குள்ள வேற ஆளைக் காட்டினீங்கன்னா காட்டுங்க. இல்லேன்னா என் மக மீன் தொட்டியில சோப்புத்தூளைக் கலந்தது இவதான். முடிஞ்சுது."

மணி மூன்று பத்து.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஜெபசெல்வியை இந்த வீட்டில் வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். "தங்கமான பொண்ணு பாய், என் பஸ்ல சில்லறை அதிகமா வந்தா திருப்பிக் கொடுக்கற ஒரே பிரயாணி," என்று சத்தியம் செய்திருந்தேன். இப்போது அந்தத் தங்கம் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மேடம், ரெண்டு மணி இருபது நிமிஷம்தான் இருக்கு," என்றேன்.

"போதும் கண்டக்டர். முதல்ல செருப்பைக் கழட்டுங்க," என்றார் ஜெசிந்தா.

ஜெசிந்தா மேடத்தை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. முப்பத்தொரு வருஷம் அரசாங்கத் தண்ணீர் ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாய்களைக் குலுக்கி ஓய்வு பெற்றவர். ஒரு வாய்க்கால் தண்ணீரை முகர்ந்து பார்த்தால், முந்தாநாள் அதில் குளித்த எருமையின் பெயரைச் சொல்வார். நான் மிகைப்படுத்தவில்லை. பாதிதான் மிகைப்படுத்துகிறேன். அதே முப்பத்தொரு வருஷம் பொன்னேரி - பழவேற்காடு பஸ்ஸில் விசில் ஊதிய ஆதிகேசவன் நான். இப்போது அவருடைய பெட்டியைத் தூக்குகிறேன். வேறென்ன வேலை? இன்றைக்குக்கூட பஸ்ஸை விட்டு இறங்கும்போது, பச்சைத் துணி கட்டிய எறாக் கூடை, அதாவது இறால் கூடை, ஒன்று என் முழங்காலில் மோதி எலும்பைச் சுக்கு நூறாக்கியது. கூடைக்காரம்மா என்னைத் திட்டினார். நான் மன்னிப்புக் கேட்டேன். ஓய்வு பெற்ற கண்டக்டரின் மரியாதை அவ்வளவுதான்.

கூடத்தில் தொட்டி இருந்தது.

நானூறு லிட்டர். ஆனால் பார்த்த மாத்திரத்தில், வங்கக் கடலில் பாதியை இழுத்து வந்து கண்ணாடிக்குள் அடைத்தது போல எனக்குத் தோன்றியது. உள்ளே பாறைகள். பாறைமேல் குடை விரித்த தோல் பவளம், காளான் பவளம், சட்டைப் பொத்தான் போல் வரிசையாகப் பொத்தான் பவளம். கல் பவளத்தை வீட்டில் வைத்தால் வனத்துறை கதவைத் தட்டும். இவை மென்பவளங்கள், கொளத்தூர் வண்ணமீன் கடையில் ரசீதோடு வாங்கியவை என்று மக்பூல் பாய் நாங்கள் கேட்காமலே மூன்று தடவை சொன்னார்.

விரிந்திருக்க வேண்டிய குடை சுருங்கிக் கிடந்தது. பொத்தான்கள் எல்லாம் மூடியிருந்தன. பாறையெங்கும் பச்சைப் பாசி. அந்தப் பாசியை அறுவடை செய்தால் மீஞ்சூர் மாடுகள் ஒரு வாரம் சாப்பிடும்.

தொட்டிக்கு எதிரே நாற்காலியில் வலது காலை முக்காலிமேல் நீட்டியபடி அஸ்பியா இருந்தாள். மக்பூல் பாயின் மகள், இருபது வயது. இரண்டு மாதத்துக்கு முன் படகில் விழுந்து கால் முறிந்தது. கம்பி வைத்திருக்கிறார்கள். செமஸ்டர் பரீட்சை போய்விட்டது. கல்லூரி கைவிட்டுப் போன பிறகு அவளுக்கு மிஞ்சியது இந்தத் தொட்டி ஒன்றுதான். இரண்டு வருஷமாக அவள் பார்த்துப் பார்த்து வளர்த்தது. அதுவும் ஐந்து வாரமாகச் செத்துக்கொண்டிருந்தது.

"பாஸ்பேட் எவ்வளவும்மா?" என்று கேட்டார் ஜெசிந்தா.

"நேத்து ஒண்ணு புள்ளி ஒண்ணு மேடம். புள்ளி பூஜ்யம் அஞ்சுதான் இருக்கணும்." அவள் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இருபது மடங்கு!" என்றேன். "என் பஸ்ல ஐம்பது சீட்டுக்கு ஆயிரம் பேர் ஏறின கணக்கு."

"உங்க பஸ்ல அது தினம் நடந்ததுதானே," என்றார் மேடம், பெட்டியைத் திறந்துகொண்டே.

சோதனை எளிமையானது. ஐந்து மில்லி தண்ணீர், இரண்டு மருந்து, ஒரு குலுக்கல், ஐந்து நிமிஷம். பாஸ்பேட் இல்லையென்றால் தண்ணீர் நிறம் மாறாது. இருந்தால் நீலம். எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நீலம்.

தொட்டித் தண்ணீர், பள்ளிப் பையன் மைப்புட்டி கவிழ்த்தது போல் நீலமானது.

"கேட்டுக்கங்க," என்று கூடத்தின் நடுவில் நின்றார் ஜெசிந்தா. "பாஸ்பேட் பாசிக்குச் சோறு, பவளத்துக்கு விஷம். அது தானா பிறக்காது. வெளியிலேர்ந்து யாரோ போட்டாதான் உள்ளே வரும். யாரையும் நான் குத்தம் சொல்லலை. இந்தத் தொட்டிக்குள்ள யார் யார் என்ன போட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் கேட்டது அவ்வளவுதான். மதகு உடைந்தது.

"நான்தான்!" மக்பூல் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். வலைக் கடை வைத்திருக்கும் ஆறடி மனிதர். "காலையில கடைக்குப் போறப்ப ஒரு சிட்டிகை தீனி போடுவேன். கணக்குக்கு மேலதான். மீனுங்களுக்கு அஸ்பியாவைத் தெரியும், செல்வியைத் தெரியும். என்னை மட்டும் தெரியாது. அதான்..."

"எவ்வளவு நாளா?"

"பத்து நாளா. யா அல்லா, நான்தான் கொன்னுட்டேன்."

"பத்து நாள் சிட்டிகைக்கு ஐந்து வாரப் பாசி வராது பாய். உட்காருங்க."

அவர் உட்காரும் முன்பே அக்தர் பேகம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் வந்தார். இப்போது குரல் பாதியாக இறங்கியிருந்தது.

"நான் ஒரு கரண்டி... ஓதின தண்ணி. புள்ளை கால் சரியாகணும்னு ஓதி, அவளுக்குக் கொடுத்தது போக மிச்சம் இருந்துச்சு. கீழே ஊத்தக்கூடாதில்ல."

"சொம்பைக் கொண்டு வாங்க."

குலுக்கினார். ஐந்து நிமிஷம். நிறமே இல்லை.

"துவா சுத்தம்," என்றார் ஜெசிந்தா. அக்தர் பேகத்தின் முகத்தில் ஒரு பெருமிதம் வந்து போனது.

கடைசியில் ஜெபசெல்வி சுவரிடமிருந்து திரும்பினாள். "நான் வெளிக் கண்ணாடியத்தான் தொடைப்பேன். ஒரே ஒருவாட்டி, துணி ஊற வெச்ச கையோட மூடியத் தொட்டுட்டேன். பேகம் அக்கா பார்த்துட்டாங்க. அன்னைலேர்ந்து நான் கொலைகாரி."

அந்தச் சோப்புத்தூளையும் கரைத்துப் பார்த்தார் மேடம். லேசாகக்கூட நீலம் இல்லை. நல்ல தண்ணீரில் உப்புக் கலந்து வைத்திருந்த டிரம்மைப் பார்த்தார். சுத்தம். தீனி டப்பா, வடிகட்டிப் பஞ்சு, மோட்டார் எல்லாவற்றையும் பார்த்தார். எல்லாமே நல்லபிள்ளைகள்.

"சோப்பு இல்லேன்னா வேற எதையாவது போட்டிருப்பா," என்றார் அக்தர் பேகம், விடாமல். "தினம் எறாவை எடுத்துப் போடறது யாரு? இவ கைதானே தொட்டிக்குள்ள போவுது?"

"எறாவா?"

"எல்லப்பன் கொண்டாருவாரு. ஏரி எறா, அப்ப அப்ப புடிச்சது," என்றார் மக்பூல் பாய். "பாவம் மேடம் அந்தாளு. அவர் படகுலதான் அஸ்பியா விழுந்தா. நாங்க ஒரு வார்த்தை சொல்லலை. அவரா வந்து நின்னாரு. 'என் படகுல விழுந்த புள்ளை எழுந்து நடக்கற வரைக்கும் அது மீனுக்கு எறா என் கையாலதான். ஐஸ்ல வெச்சது, கடையில வாங்கினது எதுவும் கூடாது'ன்னு சத்தியம் பண்ணாரு. ஒரு நாள் தவறினதில்ல."

"ஒரு நாள்கூடவா?" என்று கேட்டார் ஜெசிந்தா.

"ஒரு நாள்கூட."

மேடம் அஸ்பியாவின் மடியில் இருந்த நோட்டை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். தினமும் பாஸ்பேட் அளவை அவள் எழுதி வைத்திருந்த நோட்டு. ஜெபசெல்வி, வேலையிலிருந்து நீக்கப்படும் நிலையிலும், எங்களுக்கு டீயும் பொறை பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாள். அதைவிடப் பெரிய தண்டனை எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

நான் பொறையோடு தொட்டிப் பக்கம் நகர்ந்தேன். ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு கோமாளி மீன் கண்ணாடிக்கு வந்து என்னைப் பார்த்தது. நான் பொறையைப் பார்த்தேன். மீன் பொறையைப் பார்த்தது. மூடி பாதி திறந்திருந்தது. அதற்கு மேல் இந்த இடத்தில் எழுத வேண்டிய அவசியமில்லை.

"கண்டக்டர்!"

தூக்கிவாரிப் போட்டது. "நான் ஒண்ணும் பண்ணலை மேடம்!"

"இங்க வாங்க. இந்த எண்களைப் படிங்க. சத்தமில்லாம."

படித்தேன். புள்ளி இரண்டு ஆறு. புள்ளி மூன்று இரண்டு. புள்ளி மூன்று எட்டு. மறுபடி புள்ளி மூன்று எட்டு. பிறகு நாலு நாலு, ஐந்து, மறுபடி ஐந்து.

"ரெண்டு நாள் ஏறுது, ஒரு நாள் நிக்குது," என்றேன். "மலேரியா ஜுரம் மாதிரி, முறை வெச்சு வருது."

"முறை வெச்சு." மேடம் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். "இந்த ஊர்ல மூணு நாளைக்கு ஒரு தடவை முறை வெச்சு நடக்கறது என்ன கண்டக்டர்?"

நான் வாயைத் திறந்தேன். மூடினேன். முழங்கால் வலித்தது. அந்த வலிதான் பதில் சொன்னது.

"பாடு!"

பழவேற்காட்டு ஏரியில் எறா விழும் இடங்கள் கொஞ்சம், வலை கட்டும் கைகள் ஏராளம். அடிதடி வேண்டாமென்று ஊர் ஊராக முறை பிரித்து வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் பாடு. பாடு உள்ள நாளில் அந்த ஊர்க்காரர்கள் சுத்து வலை கட்டி எறா பிடிக்கலாம். இல்லாத நாளில் மடவை பிடிக்கலாம், நண்டு பிடிக்கலாம், எறாவைத் தூரத்திலிருந்து கும்பிடலாம். முறை தவறி வலை கட்டினவனை ஊர் தள்ளிவைக்கும்.

"முப்பத்தொரு வருஷம் அந்தக் கூடைங்களோட குடித்தனம் பண்ணவன் நான்," என்றேன். "ஒவ்வொரு ஊர்க் கூடைக்கும் ஒரு கலர் துணி. இன்னைக்கு என் முட்டியை உடைச்சது பச்சை. எல்லப்பன் ஊருக்கு ஊதா. மேடம், இன்னைக்கு எல்லப்பனுக்குப் பாடு இல்லை!"

"நேத்து?"

"நேத்தும் இல்லை. ஊதா, மஞ்சள், பச்சைன்னு வரிசையா வரும். முந்தாநாள்தான்."

"முந்தாநாள் மட்டும்தான் எண் ஏறலை," என்றார் ஜெசிந்தா. நோட்டின் அந்தப் பக்கத்தை இன்னும் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, அஸ்பியாவைப் பார்த்துவிட்டு, நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

நாலே முக்காலுக்கு எல்லப்பன் வந்தார். ஐம்பது வயது, கருங்காலி உடம்பு, கையில் எவர்சில்வர் டப்பா. வாசலில் இருந்த கட்டைப்பையைத் தாண்டும்போது தயங்கினார்.

"இன்னா செல்வி, ஊருக்கா?"

"ஆமாண்ணே. நிரந்தரமா," என்றாள் ஜெபசெல்வி.

அவருக்குப் புரியவில்லை. நேராக அஸ்பியாவிடம் போனார். "பாப்பா, இந்தா எறா. கால் இன்னா சொல்லுது?"

"தேவலை மாமா." அஸ்பியா அவர் முகத்தைப் பார்க்காமல் டப்பாவை வாங்கினாள். மேடம் அதை அவள் கையிலிருந்து வாங்கித் திறந்தார்.

தோல் உரித்த, சுத்தமான, பளபளக்கும் எறா. மேடம் ஒன்றை எடுத்து முதுகைத் திருப்பிக் காட்டினார். முதுகு நெடுக மெல்லிய கீறல். உள்ளே இருக்க வேண்டிய கறுப்பு நரம்பு இல்லை.

"எல்லப்பன், குடலை நீங்களே எடுத்தீங்களா?"

"ஆ... ஆமாம்மா."

"மீனுக்குப் போடற எறாவுக்கா?"

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "உலகத்துல இப்படி ஒரு மரியாதை எந்த மீனுக்கும் கிடைச்சதில்லை அண்ணாத்தே. அடுத்து மஞ்சள் தடவி எலுமிச்சம்பழம் புழிவீங்களா?"

"பேகம்மா, மதியக் குழம்புக்கு வாங்கின எறா மிச்சம் இருக்கா?" என்று கேட்டார் மேடம்.

"நாலஞ்சு இருக்கு. பச்சைக் கூடைக்காரிகிட்ட வாங்கினது."

"தோசைக்கல்லைப் போடுங்க."

சமையலறைக்குள் எல்லோரும் புகுந்தோம். அஸ்பியா வாக்கரை ஊன்றி வாசலில் நின்றாள். காய்ந்த கல்லில் இடப்பக்கம் பச்சைக் கூடை எறா இரண்டு. வலப்பக்கம் எல்லப்பனின் எறா இரண்டு.

இடப்பக்கத்து எறாக்கள் சிவந்து, சுருண்டு, வாசனையை அனுப்பி ஊரைக் கூட்டின. வலப்பக்கத்து எறாக்களோ அழ ஆரம்பித்தன. தண்ணீர் விட்டன, நுரை விட்டன, மறுபடி தண்ணீர் விட்டன. அந்தத் தண்ணீரில் ஒரு தோணி ஓட்டியிருக்கலாம். எல்லாம் வற்றியபோது, கட்டைவிரல் அளவு எறா சுண்டுவிரல் நுனி அளவுக்கு வந்திருந்தது.

இதற்குள் மேடம் இரண்டு டம்ளர் நல்ல தண்ணீரில் இரண்டு வகை எறாவையும் ஊறப் போட்டு மருந்து கலந்துவிட்டார். பச்சைக் கூடை டம்ளர் லேசாக வெளுத்த நீலம். எல்லப்பனின் டம்ளரில் பேனாவைத் தோய்த்துக் கடிதம் எழுதலாம்.

"குடல் எடுத்து, பொட்டலத்துல அடைச்சு ஐஸ்ல வெச்ச எறா," என்றார் ஜெசிந்தா. "சில பேர் அடைக்கறதுக்கு முன்னால பாஸ்பேட் உப்புத் தண்ணியில ஊறப் போடுவாங்க. எறா தண்ணியைக் குடிச்சுப் பெருசாத் தெரியும். மனுஷன் தின்னா சமாளிச்சுக்குவான். இந்தத் தொட்டிக்குள்ள போனதுக்கு வெளிய போற வழி கிடையாது. பொன்னேரியிலயா வாங்கறீங்க?"

எல்லப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாடு இல்லாத நாளு எறாவுக்கு நான் எங்கம்மா போவேன்?" என்றார். "சத்தியம் பண்றப்ப தோணலை. பாப்பா கத்தினதுதான் காதுல இருந்துச்சு. எங்கூர்ல ஒருத்தன்கிட்ட எறா வாங்கினா, நான் வூடு திரும்பறதுக்குள்ள ஏரி முழுக்கத் தெரிஞ்சிடும், எல்லப்பன் எறா வெல கொடுத்து வாங்கறான்னு. எங்க நைனா கேட்டா நாக்கைப் புடுங்கிக்குவாரு. அதான் பொன்னேரிக்குப் போயி, மூஞ்சிய மூடிக்கினு வாங்கி, ஏரித் தண்ணியில அலசி... வாசம் வரணுமில்ல."

"அண்ணாத்தே, மூஞ்சிய மூடிக்கிட்டு எறா வாங்கின முதல் மீனவர் நீங்கதான்," என்றேன். சிரிப்பு வரவில்லை. எனக்கே வரவில்லை.

"காலும் என்னால போச்சு. இப்ப பவளமும் என் கையாலயே..." அவர் பார்வை வாசலுக்குப் போனது. கட்டைப்பையைப் பார்த்தார். இப்போதுதான் புரிந்தது. "அய்யோ செல்வி! என் பொட்டலத்துக்கா நீ பையைத் தூக்கினே?"

அக்தர் பேகம் அடுப்பை அணைத்தார். மக்பூல் பாய் தலையைக் குனிந்துகொண்டார். கேஸ் முடிந்தது என்று நான் பெட்டியை மூடப் போனேன்.

"பொறுங்க கண்டக்டர்," என்றார் ஜெசிந்தா. "இந்தக் கேஸை நான் கண்டுபிடிக்கலை. எனக்கு முன்னாலயே ஒருத்தர் கண்டுபிடிச்சாச்சு."

கக்கத்திலிருந்த நோட்டைப் பிரித்தார். "எண்ணுக்குப் பக்கத்துல மூணு நாளைக்கு ஒரு பென்சில் புள்ளி. புள்ளி இருக்கற நாளெல்லாம் பாடு நாள். எண் ஏறாத நாள். முதல் புள்ளி பதினேழு நாளைக்கு முன்னால வெச்சிருக்கு. யார் வெச்சது அஸ்பியா?"

வாக்கர் தரையில் உரசியது. அஸ்பியாவின் கண்கள் நிறைந்துவிட்டன.

"எனக்குத் தெரியும்," என்றாள். "குடல் இல்லாத எறாவைப் பார்த்தன்னைக்கே தெரியும். தெரிஞ்சேதான் போடச் சொன்னேன்."

"பைத்தியமா உனக்கு? ரெண்டு வருஷமா வளர்த்ததாச்சே!" என்றார் அக்தர் பேகம்.

"மாமாகிட்ட எப்படிம்மா சொல்றது, இது உங்க எறா இல்லேன்னு? அவரு..." அவள் வாக்கரைத் திருப்பி அம்மாவை நேராகப் பார்த்தாள். "படகு ஆடலை உம்மா. ஏரி தட்டு மாதிரி இருந்துச்சு. 'உட்காரு பாப்பா, உட்காரு பாப்பா'ன்னு மாமா மூணு தடவை சொன்னாரு. பூநாரைங்களோட போட்டோ எடுக்கணும்னு நான்தான் விளிம்புல ஏறி நின்னேன். நீங்க கேட்டப்ப, படகு ஆடிச்சுன்னு சொல்லிட்டேன். மாமா பக்கத்துலதான் இருந்தாரு. அவரும் ஆமான்னுட்டாரு."

மக்பூல் பாய் எல்லப்பன் பக்கம் திரும்பினார். "யோவ், நீ ஏன்யா சொல்லலை?"

"புள்ளை எலும்பு ஒடைஞ்சு அழுதுக்கினு கெடக்கு பாய். அந்நேரம் அதும் மேல பழி போடுவனா?" என்றார் எல்லப்பன். "அதுவுமில்லாம எம் படகு. ஒக்கார வெக்காதது எந் தப்புதான்."

"இல்ல மாமா, என் தப்பு."

"உன்னுது இல்ல பாப்பா."

"அப்ப நானு?"

கேட்டது ஜெபசெல்வி. சத்தமாகக் கேட்கவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் எந்தப்பு உந்தப்புன்னு மாத்தி மாத்திக் கொடுத்துக்கிறீங்க," என்றாள். "நடுவுல என் தலையில இருந்தது யாரு தப்பு?"

அஸ்பியா அவள் கையைப் பிடிக்கப் போனாள். "செல்விக்கா, அஞ்சரைக்குள்ள சொல்லிடணும்னுதான் நெனைச்சேன். சத்தியமா."

"மணி அஞ்சு இருபது பாப்பா."

அக்தர் பேகம் விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். அந்தக் கட்டைப்பையைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நான்கு வருஷத்தில் அவர் அந்தப் பையைத் தொட்டது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

"உள்ள வை செல்வி. நான் சொன்னது தப்பு."

ஜெபசெல்வி பையை வாங்கவில்லை. "சும்மா உள்ள வெக்க மாட்டேன் அக்கா. இனிமே இந்தத் தொட்டியில எது விழுந்தாலும் என்னைக் கேட்டுட்டுதான் விழணும். மருந்து, நோட்டு, நீலம் பார்க்கறது எல்லாம் என் கையில. பாய் சிட்டிகை கிடையாது. ஓதின தண்ணியும் கேட்டுட்டுதான்."

"சரி," என்றார் அக்தர் பேகம்.

"எல்லப்பண்ணே, பாடு உள்ள நாளு எறா கொண்டா. ஓடோட, குடலோட. இல்லாத நாளு வெறுங்கையோட வந்து பாப்பாவைப் பார்த்துட்டுப் போ. வெறுங்கையோட வர்றதுக்கு வெக்கப்படக் கூடாது."

"மீனுக்குப் பசிக்காதா?" என்றார் எல்லப்பன் கவலையோடு.

"நாம மாசம் முழுக்க நோன்பு வெக்கறோம், ரெண்டு நாள் அதுங்களும் வெக்கட்டும்," என்றார் அக்தர் பேகம்.

"அதேதான் வைத்தியமும்," என்றார் ஜெசிந்தா. "தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. பாஸ்பேட்டை உறிஞ்சற இரும்புத் துகள் எழுதித் தரேன், பாதி அளவு மட்டும் போடுங்க. ஒரே நாள்ல குறைக்கணும்னு அவசரப்பட்டீங்கன்னா மிச்சம் இருக்கறதும் போயிடும். பாறைங்க அஞ்சு வாரமாக் குடிச்சதைக் கக்கறதுக்கும் நாளாகும்."

வெளியே அஞ்சரை பஸ் விசில் கேட்டது. என் வாரிசு ஊதினான். கொஞ்சம் சுருதி குறைவு. பஸ் ஜெபசெல்வி இல்லாமல் போனது.

எல்லப்பன் அஸ்பியாவை நாற்காலியில் உட்காரவைத்தார். "இந்தவாட்டியாவது சொன்னவுடனே ஒக்காந்தியே," என்றார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

ஜெபசெல்வி புதிய அதிகாரத்தோடு தொட்டிமுன் குனிந்தாள். மூடியைத் தூக்கி, சோதனைக்குத் தண்ணீர் எடுக்கப் போனவள் நின்றாள். பாறைக்குப் பின்னால் கையை விட்டு எதையோ எடுத்தாள். உப்பி, கூழாகி, அவள் உள்ளங்கையில் அது உட்கார்ந்திருந்தது.

"இது இன்னா?"

மக்பூல் பாய் கையை உயர்த்தினார். "நான் இல்லை!" எல்லப்பன், "பாப்பா மேல ஆணை," என்றார். அக்தர் பேகம் வெறுமனே தலையை ஆட்டினார்.

ஜெசிந்தா மேடம் மெதுவாகத் திரும்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சட்டையைப் பார்த்தார். பார்த்த இடத்தில் பொறைத் தூள் இருந்தது.

முப்பத்தொரு வருஷம் டிக்கெட் இல்லாதவனைக் கண்ணைப் பார்த்தே பிடித்தவன் நான். மாட்டிக்கொண்ட முகம் எப்படி இருக்குமென்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைத்தான் அப்போது வைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்த மீன் ரொம்பப் பசியா இருந்த மாதிரி தெரிஞ்சுது," என்றேன்.

ஜெபசெல்வி நாற்காலியில் மாட்டியிருந்த என் மஞ்சள் பையை எடுத்தாள். நிதானமாக நடந்து போய், மதியமெல்லாம் அவள் பை இருந்த அதே வாசற்படியில், அதே இடத்தில் வைத்தாள்.

"அடுத்த பஸ்ஸு ஆறு பத்து, கண்டக்டரே."